கருப்பு வந்தாரா? தமிழ்த் தொலைக்காட்சி மர்மத் தொடர்களில் விளக்கத்தின் வரலாறு

அறிவியலையும் அமானுஷ்யத்தையும் இழைத்துச் செல்லும் தொலைக்காட்சித் தொடர்கள், தாம் எழுப்பிய மர்மங்களையெல்லாம் முடிவுக்குள் விளக்கிவிட வேண்டுமா, சிலவற்றை அவிழாமலே விட்டுவிடலாமா என்ற வினா, மேலைநாட்டு விமர்சனத்தில் பெரும்பாலும் கதைக்கட்டு சார்ந்த வினாவாகவே பேசப்பட்டு வந்திருக்கிறது. தமிழில் அதே வினாவுக்கு மற்றொரு சுமையும் உண்டு. இங்கே மர்மத்தின் நடுவில் நிற்பது பெரும்பாலும் எழுத்தாளரின் கற்பனையில் பிறந்த தீவோ வேற்றுக்கிரகமோ அல்ல. இன்றளவும் படையல் பெறுகிற காவல் தெய்வமும், சித்தர் செய்து வைத்ததாகச் சொல்லப்படும் சிலையும், நாடி ஓலையுமே அந்த இடத்தில் நிற்கின்றன. ஆகவே விளக்கம் என்பது கதையை முடிக்கும் உத்தியாக நின்றுவிடாமல், வாழும் நம்பிக்கை ஒன்றின் மீது சொல்லப்படும் தீர்ப்பாகவும் ஆகிவிடக்கூடும். இந்த நெருக்கடியைத் தமிழ் மர்மக் கதை எவ்வாறு கடந்து வந்தது என்பதையும், அந்த அனுபவத்திலிருந்து மேற்சொன்ன வினாவுக்கு என்ன விடை கிடைக்கிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

விளக்கம் குறித்த பூசல் தொலைக்காட்சிக்கு மிகவும் முந்தையது. ஆன் ராட்கிளிஃப் என்னும் ஆங்கில நாவலாசிரியர் 1794இல் வெளியிட்ட ‘உடோல்போவின் மர்மங்கள்’ நாவலில், கோட்டைக்குள் தொங்கும் கருந்திரை ஒன்றை விலக்கிப் பார்த்த நாயகி மயங்கி விழுகிறாள். அவள் பார்த்தது வெறும் மெழுகுப் பதுமை என்பது பல நூறு பக்கங்கள் கழித்து, நாவல் முடியும் தறுவாயில்தான் வாசகருக்குத் தெரிகிறது. அச்சத்தை வளர்த்துக் கடைசியில் இயற்கைக் காரணம் காட்டும் இம்முறையை, ‘விளக்கப்பட்ட அமானுஷ்யம்’ என்று விமர்சகர்கள் வழங்குவர். விளக்கம் வந்தபின் வாசகருக்கு ஏமாற்றமே மிஞ்சுகிறது என்று வால்டர் ஸ்காட் அன்றே குறைப்பட்டார். 1970இல் ட்ஸ்வெட்டன் டோடோரோவ் இதற்கு ஒரு கோட்பாட்டு வடிவம் கொடுத்தார்: நிகழ்ந்தது இயற்கையா, இயற்கை கடந்ததா என்று வாசகர் தயங்கி நிற்கும் வரைதான் ‘அதிபுனைவு’ உயிரோடிருக்கிறது என்றும், விடை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது வேறொரு வகைமைக்குள் போய்விடுகிறது என்றும் அவர் வாதிட்டார்.

தமிழ்நாட்டில் அறிவியல் கற்பனை திரைக்கு வந்த தொடக்கக் கட்டம் சேர்வராயன் மலையின் அடிவாரத்தோடு தொடர்புடையது. சேலத்திலிருந்து அம்மலைமேல் உள்ள ஏற்காட்டுக்கு ஏறும் சாலையின் ஓரத்தில்தான் டி. ஆர். சுந்தரம் 1935இல் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் இயங்கியது. அதன் முகப்பு வளைவு இன்றும் அங்கே நிற்கிறது. அந்நிறுவனம் அமெரிக்கக் கூட்டுறவோடு 1952இல் தயாரித்த ‘காடு’ திரைப்படத்தில், வில்லியம் பெர்க் இயக்க, ராட் கேமரன், மேரி விண்ட்சர், சீசர் ரொமேரோ ஆகியோர் நடித்தனர். யானைகள் மிரண்டு ஊர்களைத் தாக்குவதன் காரணத்தைத் தேடிக் காட்டுக்குள் செல்லும் குழு, பனியுகத்தோடு அழிந்துபோன மாமூத் என்னும் ரோம யானைகள் அங்கே உயிரோடு இருப்பதைக் காண்கிறது. உண்மையான யானைகளுக்கு ரோமப் போர்வை போர்த்தி எடுக்கப்பட்ட அக்காட்சிகள் இன்றைய கண்ணுக்கு எளிமையாகத் தோன்றலாம். ஆனால் கதையின் நியாயம் தெளிவானது: மிரட்சிக்குக் காரணம் கேட்கப்பட்டது, காரணம் காட்டவும் பட்டது. அது சாபமாகவோ தெய்வக் குற்றமாகவோ அமையாமல் ஒரு விலங்காக அமைந்தது.

அடுத்த இருபதாண்டுகளில் தமிழ்த் திரையின் பேய்களும் பெரும்பாலும் மனிதராகவே முடிந்தன. 1966இல் வந்த ‘யார் நீ?’ போன்ற படங்களில் வெள்ளைச் சேலை உருவத்துக்குப் பின்னால் ஒரு சதி இருந்தது. இதற்குப் பகுத்தறிவு இயக்கம் தந்த சூழலையும் கருத வேண்டும். திருவல்லாவில் பிறந்து இலங்கையில் ஆசிரியராகப் பணியாற்றிய ஆபிரகாம் கோவூர், பேய் பிடித்தவர் என்று கருதப்பட்டோரின் மனநிலையை நேரில் ஆராய்ந்து எழுதிய குறிப்புகள் தமிழ் வாசகர்களிடையே பரவின; அவருடைய குறிப்பொன்றை அடிப்படையாகக் கொண்டு 1973இல் ‘மறுபிறவி’ என்ற தமிழ்ப் படமும் வந்தது. அமானுஷ்யத்தை மனநோயாக வாசிக்கும் பழக்கம், பின்னாளைய தொலைக்காட்சித் தொடர்களுக்கு இவ்வழியாகவே வந்து சேர்ந்தது எனலாம்.

இந்த மரபைக் குலைத்து மறுபடி அடுக்கியவர் சுஜாதா. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த அவர், குமுதம் இதழில் எழுதிய ‘கொலையுதிர் காலம்’ தொடர்கதையில், பேயுருவம் போலத் தோன்றும் ஒன்றுக்கு ஹோலோகிராமை விளக்கமாக முன்வைத்தார். ஹோலோகிராம் என்பது ஒரு பொருளிலிருந்து சிதறும் ஒளியலைகளின் வீச்சை மட்டுமின்றி அவற்றின் கட்டத்தையும் சேர்த்துப் பதிவுசெய்து, பிறகு முப்பரிமாணத் தோற்றமாக மீட்டெடுக்கும் முறை. 1940களின் இறுதியில் டென்னிஸ் கேபர் வகுத்த இக்கோட்பாடு, 1960இல் லேசர் உருவான பிறகே நடைமுறைக்கு ஏற்றதாயிற்று. அதற்காக அவர் 1971இல் நோபல் பரிசு பெற்றார். தமிழ் வார இதழ் வாசகருக்கு அது அன்று பேயைக் காட்டிலும் புதியதாக இருந்தது. வழக்கறிஞர் கணேஷ் அறிவியல் பக்கமும், உதவியாளர் வஸந்த் சந்தேகத்தின் பக்கமும் நிற்க, கதை விளக்கத்தைத் தந்துவிட்டு அதன் மீதே ஓர் ஐயத்தையும் விட்டுச் செல்கிறது. அதே சுஜாதா ஆனந்த விகடனில் எழுதி, பிறகு தூர்தர்ஷனில் தொடராகவும் வந்த ‘என் இனிய இயந்திரா’வில் நாட்டை ஆளும் ஜீவாவும் ஒரு ஹோலோகிராமே என்று வெளிப்படுகிறது. அங்கே ஐயத்துக்கு இடமே இல்லை. இவ்வேறுபாடு தற்செயலானதன்று. முன்னதில் வினா ‘ஆவி உண்டா’ என்பது. பின்னதில் ‘மக்களை ஏமாற்றுபவர் யார்’ என்பது. முதல் வினாவைத் திறந்து வைக்கலாம். இரண்டாவதைத் திறந்து வைத்தால் ஏமாற்றியவர் தப்பித்துவிடுவார்.

இந்தப் பிரிவினை முழு வளர்ச்சி பெற்றது ‘மர்ம தேசம்’ தொடர்களில். கே. பாலசந்தரின் மின் பிம்பங்கள் நிறுவனம் தயாரிக்க, இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய ‘ரகசியம்’, ‘விடாது கருப்பு’ ஆகிய இரண்டும் 1990களின் நடுப்பகுதியிலும் பிற்பகுதியிலும் சன் தொலைக்காட்சியில் வாரந்தோறும் ஒளிபரப்பாயின; அதே பொதுத் தலைப்பில் மேலும் மூன்று கதைகள் தொடர்ந்தன. ‘ரகசியம்’ ஒரு நவபாஷாண லிங்கத்தைச் சுற்றி நிகழ்கிறது. நவபாஷாணம் என்பது ஒன்பது நச்சுப் பொருள்களை முறைப்படி கட்டி மருந்தாக்கும் சித்த மரபின் கலவை. பழனி முருகன் சிலையைப் போகர் இவ்வாறே செய்தார் என்பது மக்கள் வழக்கு. இத்தொடரில் கொலைகளுக்கும் பேராசைக்கும் மனிதப் பெயர்கள் சூட்டப்படுகின்றன. லிங்கத்தின் ஆற்றலோ கதையின் அடித்தள உண்மையாக ஏற்கப்பட்டு, சித்தர்களின் அறிவியலாகவே பேசப்படுகிறது. அறிவியல் புனைவு எதிர்கால எந்திரத்துக்குத் தரும் இடத்தை, இங்கே இறந்தகால ரசவாதம் பெற்றுக்கொள்கிறது.

‘விட்டுவிடு கருப்பா’ என்ற நாவலிலிருந்து உருவான ‘விடாது கருப்பு’ இன்னும் துணிவானது. கருப்புசாமி குதிரையேறி வந்து குற்றவாளிகளைத் தண்டிக்கிறார் என்று நம்பும் ஊர். அவ்வூருக்குள் வந்து ஐயப்படும் மருத்துவர் ரீனா. பால்யத்தையும் நிகழ்காலத்தையும் மாறி மாறிக் காட்டும் இரு காலக் கதைசொல்லல். இறுதியில் தண்டனைகளுக்கான காரணம் பிளவாளுமை, அதாவது ஒரே மனிதருக்குள் ஒன்றையொன்று அறியாத ஆளுமைகள் செயல்படும் மனநிலை என்று சொல்லப்படுகிறது. கோவூர் காலத்து விளக்கமுறையே இது என்றாலும், முடிவில் உள்ள நுட்பம் கூர்ந்து நோக்கத்தக்கது. குதிரையில் வந்தவர் யார் என்ற வினாவுக்கு விடை கிடைக்கிறது. கருப்பு என்ற தெய்வம் உண்டா இல்லையா என்பதைத் தொடர் தன் வினாவாக எடுத்துக்கொள்ளவே இல்லை. கையைக் காட்டிக்கொடுத்த தொடர், கோவிலைத் தொடாமல் விட்டது.

இதைச் சமரசம் என்றோ, பார்வையாளருக்கு அஞ்சிய பின்வாங்கல் என்றோ மதிப்பிட இடமுண்டு. ஆனால் அம்மதிப்பீடு போதாது. சேலம் வட்டாரத்தையே எடுத்துக்கொண்டால், வழியெங்கும் முனியப்பன் கோவில்கள் உள்ளன. சேர்வராயன் மலை உச்சியில், குனிந்து நுழைய வேண்டிய இருண்ட குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் வழிபடப்படுகின்றனர், மலையாளி பழங்குடியினர் மே மாதத்தில் அங்கே திருவிழா எடுக்கின்றனர். அந்தக் குகையின் ஆழம் எவ்வளவு என்பது நிலவியலாளர் அளந்து சொல்லக்கூடியது. அதற்கு விளக்கம் கேட்டு யாரும் அங்கே வருவதில்லை. அங்கே வருபவர்களுக்கு அது புதிரே அன்று. ஒன்றை மர்மமாக்குவது அதை வெளியிலிருந்து பார்க்கும் கதைசொல்லிதான். எனவே, தான் உண்டாக்கிய புதிருக்கு மட்டுமே கதைசொல்லி விடை சொல்லக் கடமைப்பட்டவர் என்ற ‘மர்ம தேச’த்தின் நடைமுறை, கோழைத்தனத்தைவிட அறிவு நேர்மைக்கே நெருக்கமானது. இந்த எல்லையை இந்திரா சௌந்தர்ராஜன் எல்லாக் கதைகளிலும் ஒரே கண்டிப்போடு காத்தார் என்று சொல்ல முடியாது. சில இடங்களில் அமானுஷ்யமே குற்றவாளியைப் பிடித்துக் கொடுக்கும் குறுக்கு வழிக்கும் அவர் இறங்கியிருக்கிறார். அவ்விடங்களே அவருடைய எழுத்தில் தளர்ந்த பகுதிகள்.

அமெரிக்கத் தொடர்களோடு ஒப்பிட்டால் இந்த நடைமுறைக்கு அடியிலுள்ள தொழில்முறைக் காரணம் புலப்படும். 1990இல் தொடங்கிய ‘ட்வின் பீக்ஸ்’ தொடரில் லாரா பாமரைக் கொன்றவர் யார் என்பதைச் சொல்லிவிட வேண்டாம் என்றே டேவிட் லிஞ்ச் விரும்பினார். ஏபிசி நிறுவனத்தின் வற்புறுத்தலால் இரண்டாம் பருவத்தின் நடுவிலேயே விடை வெளிப்பட, பார்வையாளர் ஆர்வம் சரிந்தது. 2004 முதல் 2010 வரை ஓடிய ‘லாஸ்ட்’ எதிர்த்திசையில் இடறியது. வெப்பமண்டலத் தீவில் பனிக்கரடி எப்படி வந்தது என்பது உட்பட எண்ணற்ற புதிர்களை அடுக்கிவிட்டு, அவற்றுள் சிலவற்றுக்குத் தொடர் முடிந்தபின் குறுந்தகட்டுத் தொகுப்போடு வந்த 12 நிமிடச் சிறு படத்தில் விடை சொல்ல நேர்ந்தது. ஆண்டுதோறும் நீட்டிக்கப்படும் தொடருக்கு முடிவு எங்கே என்பது எழுதுபவருக்கே தெரிவதில்லை. ‘விடாது கருப்பு’ முதலியவற்றுக்கு அச்சில் முடிந்துவிட்ட ஒரு நாவல் அடிப்படையாக இருந்தது. திருப்பித் தரும் வழி தெரிந்தே வாங்கப்பட்ட கடன் என்பதால், அது திருப்பித் தரவும் பட்டது.

‘லாஸ்ட்’ படைப்பாளர்களுள் ஒருவரான டேமன் லிண்டலாஃப் அடுத்து உருவாக்கிய ‘தி லெஃப்ட்ஓவர்ஸ்’ (2014–2017) இவ்விடத்தில் முக்கியமான சான்று. உலக மக்களில் 2 சதவீதத்தினர் ஒரே கணத்தில் மறைந்துபோகின்றனர். மூன்று பருவங்கள் கடந்தும் காரணம் உறுதியாகச் சொல்லப்படுவதில்லை. ஆயினும் ‘லாஸ்ட்’ கிளப்பிய சினத்தை இது கிளப்பவில்லை. காரணம் தேடும் துப்பறிவைத் தொடர் முதலிலிருந்தே வாக்களிக்கவில்லை. இழந்தோரின் துயரத்தையே தன் பொருளாக எடுத்துக்கொண்டது. தமிழ்த் தொடர்கள் நடைமுறையில் கண்டறிந்த அதே எல்லைக்கு லிண்டலாஃப் வேறு வழியில் வந்து சேர்ந்தார் எனலாம். மர்மத்தின் பெயரால் ஒருவர் தீங்கு செய்திருந்தால் அந்தத் தீங்கின் கணக்கு முடிக்கப்பட வேண்டும். உலகம் ஏன் இவ்வாறிருக்கிறது என்ற வினாவுக்கு அத்தகைய கெடு இல்லை.

2000களுக்குப் பிறகு தமிழ்த் தொலைக்காட்சியில் வாரத் தொடர் மெல்ல மறைந்து நெடுந்தொடர் நிலைபெற்றது. நாடி சோதிடத்தை மையமாகக் கொண்டு நாகா இயக்கிய ‘சிதம்பர ரகசியம்’ போன்றவை அந்த வார மரபின் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்தவை. வாரத்துக்கு ஐந்து நாள் ஓடியாக வேண்டிய தொடரால் புதிரை முடிக்கவும் இயலாது, முடிக்காமல் காக்கவும் இயலாது. பாம்பும் பேயும் அதன் பிறகு பக்கத்து வீட்டுக்காரர் போல வந்து போகத் தொடங்கின. இணையத் தளங்கள் வந்தபின் நிலை மீண்டும் மாறியது. புஷ்கர்–காயத்ரி எழுதி 2022 ஜூனில் அமேசான் பிரைமில் வெளியான ‘சுழல்’, அங்காளம்மனின் மயானக் கொள்ளைத் திருவிழாவின் நாள்களையே எட்டுப் பகுதிகளுக்கும் சட்டமாக அமைத்து, காணாமற்போன சிறுமியின் வழக்கை முற்றாக அவிழ்த்துக் காட்டியது. அங்காளம்மனை அது விசாரணைக்குள் இழுக்கவில்லை. இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் மதுரையில் காலமானார். இன்று யூடியூபில் ‘விடாது கருப்பு’ பகுதிகளைத் தொடர்ச்சியாகப் பார்ப்போர், விடையை முன்பே அறிந்த நிலையில், குதிரையின் குளம்பொலி கேட்கும் ஒவ்வொரு இரவுக் காட்சியிலும் அந்த மனிதர் அப்போது எங்கே இருக்கிறார் என்பதைத் தேடுகின்றனர்.