தானுந்துக் குளிர்வி

தானுந்துக் குளிர்வி என்பது தானுந்தின் உள் எரி பொறியில் உண்டாகும் மிகை வெப்பத்தை வெளியேற்றுவதற்காக அப்பொறியினுள் சுற்றிவரும் நீர்மம் ஆகும். பேச்சு வழக்கில் இது கூலன்ட் எனப்படுகிறது. நீருடன் எத்திலீன் கிளைக்காலும் அரிமானத்தைத் தடுக்கும் வேதிப்பொருட்களும் சேர்த்துப் பெரும்பாலும் இது ஆக்கப்படுகிறது. குளிர்வி குறைந்தாலோ அதன் சுற்றோட்டம் தடைப்பட்டாலோ பொறி அளவுக்கு மீறிச் சூடேறும். அந்நிலையில் ரேடியேட்டர் மூடியை உடனே திறப்பவர்களுக்குக் கடுமையான சூட்டுக் காயங்கள் ஏற்படலாம்.

மின்தானுந்துகளின் மின்கலங்களையும் இத்தகைய நீர்மங்களைக் கொண்டு குளிர்விப்பதுண்டு. இக்கட்டுரை உள் எரி பொறியைப் பற்றியது.

வரலாறு

கார்ல் பென்சு 1885இல் உருவாக்கிய தானுந்தில் நீர் ஆவியாகி வெளியேறுவதன் மூலமே பொறி குளிர்விக்கப்பட்டது. ஆகவே வழியில் அடிக்கடி நீர் ஊற்ற வேண்டியிருந்தது. ஒரே நீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த வழிசெய்தவற்றுள் வில்கெல்ம் மேபாக் வடிவமைத்த தேன்கூட்டு ரேடியேட்டர் குறிப்பிடத்தக்கது. இது 1900இல் உருவான 35 குதிரைத்திறன் மெர்சிடிசு தானுந்தில் இடம்பெற்றது.

செயல்படும் விதம்

எரிபொருள் தரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குளிர்வியின் வழியாக வெப்பமாக வெளியேறுகிறது. நீரேற்றி ஒன்று குளிர்வியை உருளைகளைச் சுற்றியுள்ள வழிகளில் செலுத்துகிறது. பொறி சூடேறும் வரை தெர்மோஸ்டாட் எனும் வெப்பக் கட்டுப்படுத்தி ரேடியேட்டருக்குச் செல்லும் வழியை மூடி வைத்திருக்கும். பல தானுந்துகளில் இது 82 முதல் 90 பாகை செல்சியசு அளவில் திறக்கத் தொடங்குகிறது. அதன்பின் குளிர்வி ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் ஓடி, காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது. வண்டி நெரிசலில் நிற்கும்போது போதிய காற்றை இழுத்துத் தருவது விசிறியே. நெடுஞ்சாலையில் சீராக ஓடும் வண்டி ஊருக்குள் வந்ததும் சூடேறினால் முதலில் விசிறியை ஐயுறலாம்.

அழுத்தமும் கொதிநிலையும்

ரேடியேட்டர் மூடி வெறும் அடைப்பான் அன்று. அதிலுள்ள வில், அமைப்பினுள் வளிமண்டல அழுத்தத்தைவிட ஏறத்தாழ 1 பார் வரை கூடுதல் அழுத்தத்தைத் தக்கவைக்கிறது. அவ்வழுத்தத்தில் தூய நீர் 120 பாகை செல்சியசு அளவிலேயே கொதிக்கும். சமையலறையில் உள்ள அழுத்தச் சமையற்கலனும் (குக்கர்) இதே முறையில்தான் இயங்குகிறது.

சூடான நிலையில் மூடியைத் திறந்தால் அழுத்தம் நொடியில் வீழ்ந்துவிடும். 120 பாகையில் கொதிக்காமல் இருந்த நீர், 100 பாகையில் கொதிக்கும் சூழலுக்குத் திடீரென வந்துசேர்கிறது. மிகுதியாக உள்ள வெப்பம் நீரின் ஒரு பகுதியை உடனே ஆவியாக்குகிறது. கணக்கிட்டுப் பார்த்தால் 1 கிலோகிராம் நீரில் ஏறத்தாழ 37 கிராம் மட்டுமே ஆவியாகும். ஆனால் அது 60 லிட்டருக்கு மேற்பட்ட நீராவியாகும். அவ்வாவி எஞ்சிய கொதிநீரையும் தள்ளிக்கொண்டு திறந்தவரின் கைகளிலும் முகத்திலும் பாயும். விசில் அடங்காத குக்கரைத் திறக்க அஞ்சுபவர்கள்கூட ரேடியேட்டர் மூடியைத் திறக்கத் தயங்குவதில்லை என்பது வியப்புக்குரியது.

மூடி பழுதடைந்து அழுத்தம் கசிந்தாலும் சிக்கலே. 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகமண்டலத்தில் திறந்த கலத்தில் நீர் 92 அல்லது 93 பாகையிலேயே கொதித்துவிடும். அதாவது தெர்மோஸ்டாட் திறக்கும் வெப்பநிலைக்கும் கொதிநிலைக்கும் இடையே சில பாகைகளே இருக்கும்.

எத்திலீன் கிளைக்காலும் நீரும் சமமாகக் கலந்த குளிர்வி, அழுத்தம் இல்லாமலே ஏறத்தாழ 107 பாகை வரை கொதிக்காது. ஏறத்தாழ −37 பாகை வரை உறையாது. தமிழகச் சமவெளிகளில் நீர் உறைவதில்லை என்பதால் வெறும் நீரே போதும் எனக் கருதுவோர் உண்டு. இது சரியன்று. உயர்ந்த கொதிநிலையும் அரிமானத் தடுப்பும் வெப்ப நாடுகளிலும் தேவை. ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீர் ரேடியேட்டர் குழாய்களில் படிவை ஏற்படுத்தி அடைத்துவிடும். ஆகவே கலப்பதற்கு வாலைவடிநீரே ஏற்றது.

சோதித்தல்

பொறி முற்றிலும் குளிர்ந்திருக்கும்போது, வண்டி சமதளத்தில் நிற்கையில் சோதிக்க வேண்டும். சேமிப்புத் தொட்டியின் பக்கத்தில் உள்ள மேல், கீழ்க் கோடுகளுக்கு இடையே குளிர்வி நிற்க வேண்டும். இதற்கு மூடியைத் திறக்கத் தேவையில்லை. பச்சை, செம்மஞ்சள், இளஞ்சிவப்பு ஆகிய நிறங்களுக்குப் பொதுத்தரம் ஏதும் இல்லை. நிறத்தை நம்பாமல் வண்டியின் கையேடு கூறும் வகையையே ஊற்றுதல் நன்று. மாதந்தோறும் மட்டம் குறைந்துவந்தால் கசிவு இருக்கிறது எனக் கொள்ளலாம். பொறியெண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அதனுள் குளிர்வி கலந்திருக்கக்கூடும்.

வழியில் சூடேறினால்

வெப்பமானியின் முள் சிவப்புப் பகுதியை எட்டினாலோ, சிவப்பு நிற எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டு, பாதுகாப்பான ஓரத்தில் வண்டியை நிறுத்திப் பொறியை அணைக்க வேண்டும். உடனே நிறுத்த இடமில்லையெனில் உட்புற வெப்பமூட்டியை முழு அளவில் இயக்கலாம். அதுவும் ஒரு சிறு ரேடியேட்டரே. பயணிகளுக்குப் புழுக்கமாக இருப்பினும் பொறிக்கு நல்லது. உயர்ந்திருந்த முள் திடீரெனத் தாழ்ந்தால் சூடு தணிந்துவிட்டது என மகிழக்கூடாது. உணரியை எட்டாத அளவுக்குக் குளிர்வி வடிந்துபோயிருக்கலாம்.

ஆவி வெளிவரும்போது முகப்பு மூடியைத் (பானெட்) திறக்கலாகாது. குறைந்தது அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். மின்விசிறி, பொறி அணைந்த பின்னரும் தானாகச் சுழலக்கூடும் என்பதால் கையை விலக்கி வைக்க வேண்டும். மேற்குழாயைத் தொட முடியாத அளவுக்குச் சூடு இருந்தால் இன்னும் நேரமாகவில்லை என்று பொருள். முற்றிலும் ஆறியபின் தடித்த துணியை மூடியின்மேல் போட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு, சிறிதளவு திருப்பி, எஞ்சிய அழுத்தம் வெளியேறிய பிறகே முழுதும் திறக்கலாம். வேறு வழியில்லாதபோது வெறும் நீரை ஊற்றலாம். ஆனால் சூடான பொறியில் குளிர்ந்த நீரை ஊற்றினால் வார்ப்புப் பகுதிகளில் விரிசல் விழக்கூடும். சூட்டோடு ஓட்டிச் சென்றால் அலுமினிய உருளைத்தலை வளைந்து, ஹெட் காஸ்கெட் கெட்டு, பெருஞ்செலவு ஏற்படும். நீர் நிரப்பியும் மீண்டும் முள் உயர்ந்தால் வண்டியை இழுவை வண்டியில் எடுத்துச் செல்வதே முறை.

நச்சுத்தன்மை

எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவை உடையது, நச்சுத்தன்மையும் உடையது. உடலில் இது ஆக்சாலிக் அமிலமாக மாறிச் சிறுநீரகங்களைப் பழுதாக்குகிறது. கீழே சிந்தியதைக் குழந்தைகளோ நாய், பூனைகளோ நக்காதவாறு உடனே நிறைய நீர் விட்டுக் கழுவ வேண்டும். யாரேனும் விழுங்கிவிட்டால், அறிகுறிகள் தோன்றும் வரை காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இதற்கு ஃபோமெபிசோல், எத்தனால் ஆகியவை மாற்றுமருந்தாக மருத்துவர்களால் பயன்படுத்தப்படுகின்றன. குடிநீர்ப் புட்டிகளில் குளிர்வியை ஊற்றி வைக்கும் வழக்கம் பணிமனைகளிலும் வீடுகளிலும் காணப்படுகிறது. இது மிகவும் ஆபத்தானது.