வடம் கட்டினால் மட்டும் போதுமா?

"இன்ஜினியருக்கு நரம்பைப் பத்தி என்னலே தெரியும்?" என்று விலங்கியல் படித்த என் விடுதித் தோழன் கேட்பான். நியாயம்தான். ஆனால் காரணம் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் வேலையிடத்தில் ஒரு கம்பி வடம் என் மணிக்கட்டைக் கிழித்துவிட்டது. அறுந்த நரம்பைத் தைத்த டாக்டர், "நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் போல வளரும், பொறுமையா இருங்க தம்பி" என்றார். விரல் நுனியில் உணர்ச்சி வர ஆறு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அந்த இழை எதைப் பிடித்துக்கொண்டு, யார் சொல்லி வளர்ந்தது? தேடிப் படித்த கதை இது.

நம் ஊரிலிருந்தே தொடங்கலாம். 1961-க்குப் பின் முத்துக்குளிப்பு நின்றுபோன இந்தக் கடற்கரையில், 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சாமி சிப்பிக்குள் முத்து வளர்த்துக் காட்டினார். ஓட்டில் கடைந்த சிறு மணி. கூடவே இன்னொரு சிப்பியின் மேலுறைச் சதையில் ஒரு துண்டு. அந்தத் துண்டின் செல்கள் பெருகி, மணியைப் பைபோலச் சூழ்ந்து, முத்துப் பூச்சைப் படலம் படலமாகப் பூசும். செல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாவிட்டால் பையும் இல்லை, முத்தும் இல்லை!

இந்தப் பிடிப்பை அழகாகக் காட்டிய பழைய சோதனையும் கடல் உயிரில்தான் நடந்தது. 1907-இல் அமெரிக்கரான எச்.வி. வில்சன் கடற்பஞ்சைப் பட்டுத் துணியில் பிழிந்து தனித்தனிச் செல்களாக்கினார். அவை திரும்பக் கூடிப் பஞ்சாகவே வளர்ந்தன. 1970-களில் ஜெரால்ட் எடெல்மன் குழுவினர் கோழிக் கருவின் நரம்புச் செல்களை ஒட்டவைக்கும் மூலக்கூறைக் கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் என்-காம். எல்1, என்-கேட்ஹெரின் என்று அதன் கூட்டாளிகளும் பின்னர் தெரியவந்தன.

இன்னொரு கதை அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 1950-களில் ரீட்டா லெவி-மொன்டால்சினியும் ஸ்டான்லி கோஹனும் நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டார்கள். 1986-இல் நோபல் பரிசும் பெற்றார்கள். வளர்ச்சிக் காரணி செல்லின் மேலுள்ள ஏற்பியில் வந்து அமர்ந்தால், உள்ளே உத்தரவு போகும்.

ஆக, ஒன்று பசை, மற்றொன்று உரம். இரண்டும் வேறு வேறு என்றே பலரும் எண்ணினார்கள். 1994-இல் லண்டனில் பாட்ரிக் டோஹர்ட்டி, ஃபிராங்க் வால்ஷ் குழுவினர் இரண்டையும் இணைத்தார்கள். ஒட்டு மூலக்கூறுகளால் நரம்பிழைகள் நன்றாக நீண்டன. எஃப்.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியின் ஏற்பியைத் தடுத்ததும் அந்தக் கூடுதல் வளர்ச்சி நின்றுபோனது! என்-காமின் ஒரு பகுதி அந்த ஏற்பியை நேரடியாகவே பிடிக்கிறது என்று 2003-இல் தெரிந்தது. ஏற்பிகள் ஜோடி சேர்ந்து ஒன்றன்மேல் ஒன்று பாஸ்பேட் ஏற்றும், உள்ளே என்சைம்கள் விழிக்கும், கால்சியம் நுழையும், இழையின் நுனி நகரும்.

துறைமுகம் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியாதா? கப்பலின் வடத்தைப் பொல்லார்டில் மாட்டினால் மட்டும் போதாது. 'கட்டியாச்சு' என்று தகவல் போன பிறகுதான் ஏணி இறங்கும், கிரேன் அசையும். செல்லிலோ, கட்டும் வடமே தகவலும் சொல்கிறது.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. எல்1 மரபணுவில் பிழை இருந்தால் ஆண் குழந்தைகளுக்கு மூளையில் நீர் கோத்துக்கொள்ளும் என்று 1992-இல் கண்டார்கள். என் கையில் பழைய நரம்புப் பாதையின் ஷ்வான் செல்கள் இதே என்-காமையும் எல்1-ஐயும் ஏந்தி இழைக்கு வழிவிட்டன. முதுகுத்தண்டில் நரம்பு இப்படி வளர்வதில்லை. பனையிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவின்றிக் கிடப்பவர்களை நம் பக்கத்தில் பார்க்காதவர் யார்?

தம்பி தங்கைகளே, முத்துச் சிப்பிக்குள் செல்களைப் பேசவைத்த ஊர் இது. தண்டுவடத்தில் அந்தப் பேச்சைத் திரும்பத் தொடங்கவைக்கும் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது. உங்களில் ஒருவர் அதில் இறங்கினால், இந்த மலரில் அடுத்த கட்டுரையை நீங்கள்தான் எழுத வேண்டும்.