‘வயசுக்கு இது சரிதான்’ என்ற கணக்கு

காலை நடைப்பயிற்சியில் பிரஷர் பேச்சு வந்தால், “வயசோட நூறைக் கூட்டிக்குங்க, அதுதான் நார்மல்” என்று நம்மில் ஒருவர் சொல்லிவிடுகிறார். பல வருடம் நானும் இதை நம்பியவன்தான். எனக்கு 63 வயது. இந்தக் கணக்குப்படி 163 வரை கவலை இல்லை.

அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் இறந்ததும் 63 வயதில்தான். 1944 மார்ச்சில் ஹோவர்ட் புரூன் என்ற இதய மருத்துவர் பார்த்தபோது அவருடைய ரத்த அழுத்தம் 186/108. ஆனால் ஜனாதிபதியின் சொந்த மருத்துவர், காது மூக்கு தொண்டை நிபுணர், வயதுக்கு ஏற்ற நல்ல உடல்நிலை என்றே வெளியில் சொல்லி வந்தார். அவரை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. வயதாகி இறுகிய ரத்தக் குழாயில் ரத்தம் ஓட அழுத்தம் கூடத்தான் வேண்டும், அதைக் குறைப்பதுதான் ஆபத்து என்று அன்றைய பெரிய டாக்டர்களே பலர் நினைத்தார்கள். 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு ரூஸ்வெல்ட் இறந்தார். அப்போது எடுத்த அளவு 300/190.

அவருக்குப் பின் வந்த ட்ரூமன் 1948 ஜூனில் தேசிய இதயச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதே வருடம் மாசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரில் ஓர் ஆய்வு ஆரம்பமானது. சுமார் 28,000 பேர் வசித்த ஊர். அதில் 5,209 பேர் சேர்ந்தார்கள். ஊர்க்காரர்களே குழு அமைத்து அக்கம்பக்கத்தாரை அழைத்து வந்தார்கள். (பராமரிப்புக் கட்டணம் வசூலிக்கக் கதவைத் தட்டியவர்களுக்கு அந்தச் சிரமம் புரியும்!)

இதில் புதுமை என்னவென்றால், நோயாளிகளைத் தேடவில்லை. நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர்களையே சேர்த்தார்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வரவழைத்து பிரஷர், எடை, கொலஸ்ட்ரால், இ.சி.ஜி., சிகரெட் பழக்கம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்கள். அங்கே வைத்தியம் கிடையாது. முடிவு குடும்ப டாக்டருக்குப் போகும். லெட்ஜர் எழுதிய எனக்கு இது பிடித்திருக்கிறது. பதிவைத் தவறாமல் போட்டு வந்தார்கள். யாருக்கு மாரடைப்பு வரும் என்று அப்போது எவருக்கும் தெரியாது.

பத்துப் பன்னிரண்டு வருடத்தில் கணக்கு பேச ஆரம்பித்தது. 1960ல் சிகரெட் சிக்கியது. 1961ல் டாக்டர் வில்லியம் கேனலும் உடன் இருந்தவர்களும் உயர் ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் இரண்டையும் இதய நோய்க்கான ஆபத்துக் காரணிகள் என்று எழுதினார்கள். இன்று எல்லா டாக்டரும் சொல்லும் ‘ரிஸ்க் ஃபாக்டர்’ பரவியது அங்கிருந்துதான். வயதானால் பிரஷர் ஏறுவது இயல்பு, அதனால் கெடுதல் இல்லை என்ற நம்பிக்கையும் அந்தப் பதிவேடுகளில்தான் அடிபட்டது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அந்த 5,209 பேரும் ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர்கள். அவர்களை வைத்துப் போட்ட ஆபத்துக் கணக்கு மற்றவர்களுக்கு அப்படியே பொருந்தாது. 1994ல்தான் ஊரில் குடியேறியிருந்த மற்ற இனத்தவர்களையும் தனிக் குழுவாகச் சேர்த்தார்கள். முதலில் சேர்ந்தவர்களின் பிள்ளைகள் 1971ல் வந்தார்கள். பேரன் பேத்திகள் 2002 முதல் வர ஆரம்பித்தார்கள்.