ஏகபோகச் சட்டத்தின் மறுவருகை: இணையப் பெருநிறுவனங்களும் இந்தியப் போட்டிச் சட்டமும்

2009-ஆம் ஆண்டு கன்சிம் இன்ஃபோ என்ற நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தில் கூகுள் மீது வழக்குத் தொடுத்தது. பாரத் மேட்ரிமோனி, தமிழ் மேட்ரிமோனி முதலிய வரன் தேடும் தளங்களைச் சென்னையிலிருந்து நடத்திவந்த நிறுவனம் அது, பின்னாளில் மேட்ரிமோனி.காம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. கூகுளில் தன் தளத்தின் பெயரைத் தட்டித் தேடினால் போட்டியாளர்களின் விளம்பரங்கள் வந்து நிற்கின்றன என்பதே அதன் குறை. ஷாதி.காம் தளத்தை நடத்தும் நிறுவனம் உள்ளிட்ட போட்டியாளர்களும் எதிர்வாதிகளாகச் சேர்க்கப்பட்டனர். வணிகக் குறியீட்டு உரிமை பற்றிய வழக்காகவே அது நடந்தது. அந்தப் பெயர்கள் தொழிலை விவரிக்கும் பொதுச் சொற்களால் ஆனவை என்று கருதிய நீதிபதி வி. ராமசுப்பிரமணியன், 2010 செப்டம்பரில் நிறுவனம் கேட்ட இடைக்காலத் தடையைத் தரவில்லை.

விவகாரம் அத்துடன் ஓயவில்லை. 2012-ல் அதே நிறுவனம் டெல்லியில் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தது. ஜெய்ப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட கட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பும் தனியே ஒரு புகார் கொடுத்தது. பெயர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி பின்னுக்குப் போனது. தேடல் சந்தையைக் கைக்குள் வைத்திருப்பவர் அந்தப் பலத்தை எப்படிப் பயன்படுத்துகிறார் என்ற கேள்வி முன்னுக்கு வந்தது. அதற்கு விடை காண ஆணையத்திடம் இருந்த சட்டம், இணையம் பிறப்பதற்கு முந்தைய ஒரு விவாதத்தின் வாரிசு.

1964-ல் நீதிபதி கே.சி. தாஸ்குப்தா தலைமையில் ஏகபோக விசாரணைக் குழுவை மத்திய அரசு அமைத்தது. நாட்டின் தனியார் நிறுவனச் சொத்தில் ஏறக்குறைய பாதி 75 வணிகக் குழுமங்களின் கையில் இருப்பதை அடுத்த ஆண்டு அந்தக் குழு எடுத்துக்காட்டியது. செல்வமும் உற்பத்திச் சாதனங்களும் ஒருசிலரிடம் குவியக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு. இந்த இரண்டின் விளைவாக வந்தது 1969-ஆம் ஆண்டின் ஏகபோகத் தடுப்புச் சட்டம். பேச்சுவழக்கில் எம்.ஆர்.டி.பி. சட்டம். அது பார்த்தது அளவை. 20 கோடி ரூபாய்ச் சொத்துக்கு மேல் உள்ள குழுமம் விரிவாக்கம் செய்ய அரசிடம் அனுமதி பெற வேண்டும். 1985-ல் இந்த வரம்பு 100 கோடியாக உயர்ந்தது. 1991-ன் தாராளமயத்தில் வரம்பே நீக்கப்பட்டது.

அந்தச் சட்டம் பெரிதாக வளர்வதையே தடுத்தது. அதற்கு அனுமதி வழங்கும் அதிகாரம் அரசு அலுவலகங்களுக்குப் போனது. ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களுக்கு அதுவே பாதுகாப்பாகவும் அமைந்தது. 1999-ல் அமைக்கப்பட்ட எஸ்.வி.எஸ். ராகவன் குழு இந்த அனுபவத்தை மனத்தில் வைத்தே வேறு பாதையைக் காட்டியது. பெரிய நிறுவனமாக இருப்பது குற்றமல்ல, அந்த நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதுதான் குற்றம் என்பது 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் உயிர்நாடி. அதன் 4-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. உச்ச நீதிமன்ற வழக்கு, 2007-ன் திருத்தம் எல்லாம் தாண்டி 2009 மே 20 அன்றுதான் அந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்தது. சென்னையில் கூகுள் வழக்கு தொடங்கிய அதே ஆண்டு செப்டம்பரில் எம்.ஆர்.டி.பி. சட்டம் விடைபெற்றது.

புதிய சட்டத்தின் கீழ் ஒரு புகாரை நிரூபிக்கப் பல படிகள் ஏற வேண்டும். எது சந்தை என்று எல்லை வரைய வேண்டும். அதில் ஆதிக்கம் உண்டா என்று காட்ட வேண்டும். பிறகு அந்த ஆதிக்கம் தவறாகப் பயன்பட்டதை மெய்ப்பிக்க வேண்டும். சிமெண்ட்டோ டயரோ விற்கும் சந்தையில் விலை கண்ணுக்குத் தெரியும். தேடுபொறியில் பயனர் ஒரு பைசா கொடுப்பதில்லை. விலையே இல்லாத இடத்தில் சந்தை ஏது என்ற வாதத்துக்கு ஆணையம் சொன்ன பதில் முக்கியமானது: பயனர் தன் கவனத்தையும் தரவுகளையும் கொடுக்கிறார், அதை வைத்துத்தான் விளம்பரம் விற்கப்படுகிறது.

தீர்ப்பு வர ஆறு ஆண்டுகள் ஆயின. 2018 பிப்ரவரி 8 அன்று கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. செய்தி, படம் போன்ற தன் சிறப்பு முடிவுகளைப் பொருத்தம் பாராமல் பக்கத்தின் 1, 4, 10-ஆம் இடங்களில் நிலையாக வைத்தது. விமானப் பயணம் தேடுவோருக்குத் தன் சொந்தப் பெட்டியை மேலே காட்டியது. பிற தளங்களுடன் செய்த தேடல் ஒப்பந்தங்களில் போட்டித் தேடுபொறிகளுக்கு இடம் தராத நிபந்தனை விதித்தது. இந்த மூன்றும் தவறு என்றது பெரும்பான்மை. இரண்டு உறுப்பினர்கள் உடன்படவில்லை. முதல் குற்றச்சாட்டில் உள்ள நடைமுறையை கூகுள் 2010-லேயே கைவிட்டிருந்தது. சென்னை நிறுவனத்தின் மூலக் குறையான விளம்பரச் சொற்கள் விஷயத்தில் கூகுள் மீது தவறு காணப்படவில்லை. 2010-ல் முடிந்துபோன செயலுக்கு 2018-ல் தண்டனை. இன்றும் தொடரும் தொழில்முறைக்குத் தீர்வு இல்லை. நடத்தையை மட்டும் பார்க்கும் சட்டத்தின் பலவீனம் இந்த வழக்கில் வெளிப்பட்டது.

அடுத்தது ஆண்ட்ராய்டு. இந்தியாவில் பயன்படும் பத்துத் திறன்பேசிகளில் ஒன்பதுக்கும் மேல் இந்த இயங்குதளத்தில்தான் ஓடுகின்றன. பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் தேடுபொறி, குரோம், யூடியூப் என்று கூகுளின் செயலிகளை மொத்தமாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கைபேசி நிறுவனங்களைக் கட்டாயப்படுத்திய ஒப்பந்தங்களே வழக்கின் மையம். 2019 ஏப்ரலில் விசாரணைக்கு உத்தரவிட்ட ஆணையம் 2022 அக்டோபர் 20 அன்று 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பணத்தைவிடப் பெரியது அதனுடன் வந்த பத்துக் கட்டளைகள். உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தடை தர மறுத்ததும், செயலிகளுக்குத் தனித்தனியே உரிமம் பெறலாம், பயனர் தனக்குப் பிடித்த தேடுபொறியைத் தேர்ந்தெடுக்கலாம் என்று கூகுள் அறிவித்தது. உறுதியான உத்தரவு வந்தால் மாற்றம் சில வாரங்களில் நடக்கும் என்பதற்கு இது சான்று. ஆனால் அந்த ஆண்டு மார்ச்சில் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்துவிட்டு, கட்டளைகளில் நான்கை நீக்கியது. வேறு செயலிக் கடைகளை பிளே ஸ்டோருக்குள் அனுமதிக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று.

ஆண்ட்ராய்டு தீர்ப்பு வந்த ஐந்தாம் நாள், அக்டோபர் 25 அன்று, பிளே ஸ்டோர் கட்டண முறைக்காக மேலும் 936.44 கோடி ரூபாய் அபராதம் வந்தது. ஆணையத் தலைவர் அசோக் குமார் குப்தா ஓய்வுபெற்றதும் அன்றுதான். அடுத்த தலைவர் ரவ்னீத் கௌர் பொறுப்பேற்றது 2023 மே மாதத்தில். இடைப்பட்ட மாதங்களில் கூட்டம் நடத்தத் தேவையான உறுப்பினர்கள்கூட ஆணையத்தில் இல்லை. உலகின் மிகப் பெரிய நிறுவனங்களோடு வழக்காடும் ஓர் அமைப்பை அரசு இப்படி விட்டுவைத்தது மன்னிக்கக் கூடியதல்ல.

அபராதக் கணக்குக்கும் தனி வரலாறு உண்டு. உணவு தானியக் கிடங்குகளில் பூச்சியை ஒழிக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளை இந்திய உணவுக் கழகத்துக்கு விற்றவர்கள் தங்களுக்குள் பேசிவைத்து விலை கேட்ட வழக்கில், 2017-ல் உச்ச நீதிமன்றம் ஒரு விதியை வகுத்தது: தவறு நடந்த தொழிலின் விற்றுமுதலை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும். பல பொருள்கள் விற்கும் பூச்சிமருந்து நிறுவனத்துக்கு அது நியாயம். ஆனால் தேடல், வரைபடம், விளம்பரம், செயலிக் கடை எல்லாம் ஒன்றையொன்று தாங்கும் நிறுவனத்தில் எதை எதிலிருந்து பிரிப்பது? 2025 மார்ச்சில் தீர்ப்பாயம் பிளே ஸ்டோர் வருவாயை மட்டும் எடுத்துக்கொண்டு 936.44 கோடியை 216.69 கோடியாகக் குறைத்தது. உலக விற்றுமுதலை அடிப்படையாக வைக்க வழிசெய்யும் 2023-ன் சட்டத் திருத்தம் பழைய வழக்குகளுக்கு உதவவில்லை. அந்தத் திருத்தத்தையே எதிர்த்து ஆப்பிள் நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றம் சென்றிருக்கிறது.

இதற்கிடையே, 2022-ன் உத்தரவை ஏற்று கூகுள் கொண்டுவந்த ஏற்பாடு சென்னையில் புதிய வழக்குகளைப் பெற்றெடுத்தது. செயலிக்குள் நடக்கும் விற்பனையில் 15 முதல் 30 விழுக்காடு வரை கட்டணம் இருந்தது. வேறு பணப்பரிமாற்ற வழியைப் பயன்படுத்தலாம் என்று அனுமதித்த பிறகும் 11 முதல் 26 விழுக்காடு கட்ட வேண்டும் என்றது கூகுள். பணத்தை வேறொருவர் வசூலித்துக் கொடுக்கும்போது, பாதைக்கு மட்டும் இவ்வளவு சுங்கம் எதற்கு என்று கேட்டன இந்திய நிறுவனங்கள். இது போட்டி ஆணையம் தீர்க்க வேண்டிய விவகாரம் என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. 2024 ஜனவரியில் மேல்முறையீடும் தோற்றது. மார்ச் 1 அன்று பாரத் மேட்ரிமோனி, ஷாதி, நௌக்ரி முதலிய செயலிகளை கூகுள் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கியது. 2009-ல் ஒருவரையொருவர் எதிர்த்து நின்ற இரண்டு வரன் தளங்கள் ஒரே நாளில் ஒன்றாக வெளியேற்றப்பட்டன. அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் தலையிட்ட பிறகு செயலிகள் திரும்பின. மார்ச் 15 அன்று ஆணையம் புதிய விசாரணைக்கு உத்தரவிட்டது. ஒரு நிறுவனத்தின் பிழைப்பு அமைச்சரின் தொலைபேசி அழைப்பை நம்பி இருக்குமானால், சட்டத்தில் ஓட்டை இருக்கிறது என்றுதான் பொருள்.

வாட்ஸ்அப்பின் கதையும் காலதாமதத்தின் கதையே. 2014-ல் ஃபேஸ்புக் அதை 1,900 கோடி டாலருக்கு வாங்கியபோது, சொத்தையும் விற்றுமுதலையும் மட்டுமே பார்த்த இந்திய வரம்புகளுக்குள் அந்தக் கைமாற்றம் வரவில்லை. 2,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பரிவர்த்தனைகளை ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2024 செப்டம்பரில்.

ஐரோப்பாவும் இதே வலியை அனுபவித்தது. பொருள் ஒப்பீட்டுச் சேவையில் தன்னையே முன்னிறுத்தியதற்காக கூகுளுக்கு 2017-ல் விதித்த 242 கோடி யூரோ அபராதம் இறுதியாக உறுதியானது 2024-ல். அதற்குள் ஐரோப்பிய ஒன்றியம் வழியை மாற்றிவிட்டது. ஜெர்மனி 2021 ஜனவரியில் முன்னோடியாகச் சட்டம் திருத்தியது. ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டம் 2024 மார்ச்சிலிருந்து பெருநிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது. குறிப்பிட்ட அளவைத் தாண்டியவர்கள் முன்கூட்டியே அடையாளம் காணப்படுவர். செய்யக் கூடாதவை முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். பிரிட்டனும் ஜப்பானும் 2024-ல் தத்தம் சட்டங்களை இயற்றின. இதற்கு விலையும் உண்டு. இந்தச் சட்டத்தைக் காரணம் காட்டி, ஆப்பிள் சில புதிய வசதிகளை ஐரோப்பியப் பயனர்களுக்குத் தள்ளிப்போட்டது.

இந்தியாவில் ஜெயந்த் சின்ஹா தலைமையிலான நிதித்துறை நாடாளுமன்ற நிலைக்குழு 2022 டிசம்பரில் இதே வழியைப் பரிந்துரைத்தது. மனோஜ் கோவில் தலைமையிலான குழு 2024 மார்ச்சில் டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவை வெளியிட்டது. இந்திய விற்றுமுதல் 4,000 கோடி ரூபாய், இந்தியப் பயனர்கள் ஒரு கோடி என்பன போன்ற வரம்புகளைத் தாண்டுவோர் சிறப்புக் கடமைகளுக்கு உட்படுவர். தன் பொருளையே முன்னிறுத்துதல், ஒன்றை வாங்கினால்தான் மற்றொன்று என்று கட்டாயப்படுத்துதல், வாடிக்கையாளருக்கு வெளியே உள்ள மலிவான வழியைச் சொல்லவிடாமல் தடுத்தல் எல்லாம் தடை. அபராதம் உலக விற்றுமுதலில் 10 விழுக்காடு வரை.

1969-ல் இருந்த அளவுகோல் திரும்பி வந்துவிட்டது என்று அஞ்சுவோர் உண்டு. வளர்ந்துவரும் இந்திய நிறுவனங்களும் வலைக்குள் சிக்கும் என்ற அவர்கள் கவலை பொய்யல்ல; ஒரு கோடிப் பயனர் என்பது இந்தியாவில் எளிதில் எட்டக் கூடிய எண். ஆனால் இரண்டு சட்டங்களும் ஒன்றல்ல. எம்.ஆர்.டி.பி. வளர்வதற்கே அனுமதி கேட்கச் சொன்னது. இந்த வரைவு யாருடைய வளர்ச்சியையும் தடுக்கவில்லை. மற்றவர்கள் கடந்து போகும் வாசலைத் தன் கையில் வைத்திருப்பவர், அந்த வாசலில் தானும் கடை போட்டிருந்தால், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று மட்டும் சொல்கிறது.

வரம்பு குறைவு என்றால் உயர்த்தலாம். ஆணையத்துக்கு ஆள்பலம் போதாதென்றால் கூட்டலாம். தலைவர் நாற்காலி மீண்டும் மாதக்கணக்கில் காலியாக இராதபடி விதி செய்யலாம். இவையெல்லாம் நாடாளுமன்றத்தில் விவாதித்து முடிக்க வேண்டியவை. 2012-ல் புகார் கொடுத்த நிறுவனம் 2024-லும் அதே எதிராளியோடு போராட வேண்டியிருந்தது என்பதே அவசரத்துக்குப் போதுமான காரணம். மசோதாவைத் திருத்தங்களுடன் அவையில் வைத்து விவாதத்தைத் தொடங்க வேண்டியது மத்திய அரசின் கடமை.