புது டேப்லெட் வாங்கலாமா? 1989-ல் இருந்து ஒரு கேஸ் ஹிஸ்டரி

போன வாரம் நைட் டூட்டி. மணி ரெண்டு இருக்கும். வார்டு கொஞ்சம் அடங்கின நேரம். ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் தயங்கித் தயங்கி வந்து கேட்டார்.

"சார், இந்த டேப்லெட் நல்லதா?"

நான் மாத்திரைன்னு நினைச்சு, "யாருக்கு சிஸ்டர்? என்ன கம்ப்ளெய்ன்ட்?" என்றேன். சிரித்துவிட்டு போனை நீட்டினார். வெளிவந்து ரெண்டே வாரம் ஆன டேப்லெட் கம்ப்யூட்டர். விலை 34 ஆயிரம். பேனா தனி, கவர் தனி. பையன் நீட்டுக்குப் படிக்கிறான். சீட்டு எடுத்த பணம் 40 ஆயிரம் வீட்டில் இருக்கிறது.

"விளம்பரத்துல எல்லாமே பண்ணும்ங்கறாங்க சார். இன்னொரு சீட்டு எடுக்க எனக்கு ரெண்டு வருஷம் ஆகும். அதான் கேக்கறேன்."

அதற்குள் ஒரு பேஷன்ட் வந்துவிட்டார். "ஹிஸ்டரி எடுத்துட்டு சொல்றேன் சிஸ்டர்" என்று எழுந்தேன். எங்களுக்கு முதலில் சொல்லித் தருவதே அதுதான். ஹிஸ்டரி கேட்காமல் மருந்து எழுதாதே. டேப்லெட்டுக்கும் ஒரு ஹிஸ்டரி இருக்கிறது. பெரிய இழைதான், டீ போட்டுக்கொண்டு வாருங்கள்.

1) பலர் நினைப்பது போல இது 2010-ல் தொடங்கிய கதை இல்லை. 1972-லேயே அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் இருந்த ஆலன் கே என்பவர் 'டைனாபுக்' என்ற யோசனையை எழுதிவைத்தார். குழந்தைகள் கையில் நோட்டு மாதிரி தூக்கிக்கொண்டு போகிற கம்ப்யூட்டர். அன்றைக்கு அதைச் செய்யத் தொழில்நுட்பம் இல்லை. ஆக, இந்தக் கதை தொடங்கியதே ஒரு வாக்குறுதியில்தான். இதை மனசில் வையுங்கள்.

2) 1989-ல் 'கிரிட்பேட்' விற்பனைக்கு வந்தது. வடிவமைத்தவர் ஜெஃப் ஹாக்கின்ஸ். எடை சுமார் 2 கிலோ. விலை 2,000 டாலருக்கு மேல். வீட்டுக்கு யாரும் வாங்க மாட்டார்கள். ஆனால் நின்றுகொண்டே படிவம் நிரப்புகிற வேலைக்கு நிறுவனங்கள் வாங்கின. ஏன்னா அவர்கள் கேட்டது ஒரே ஒரு வேலை. அதை அது செய்தது.

3) அடுத்தது ஆப்பிளின் 'நியூட்டன்'. 1992-ல் பெரிய மேடையில் காட்டினார்கள். 1993 ஆகஸ்டில் 699 டாலருக்கு விற்பனை. "நீங்க கையால எழுதுங்க, அது படிச்சுக்கும்" என்பதுதான் முக்கிய வாக்குறுதி. எழுதினால் அது வேறு எதையோ படித்தது. (எங்க பிரிஸ்கிரிப்ஷனைக் கொடுத்திருந்தா என்ன ஆகியிருக்குமோ!) அமெரிக்காவில் டூன்ஸ்பெரி என்ற பிரபலமான கார்ட்டூன் தொடரே அதைக் கிண்டலடித்தது.

இதில் வேதனை என்னவென்றால், பின்னால் வந்த மென்பொருளில் கையெழுத்தைப் படிப்பது நிஜமாகவே நன்றாக இருந்தது. ஆனால் பெயர் கெட்டது கெட்டதுதான். 1998 பிப்ரவரியில் நிறுத்திவிட்டார்கள். முதல் நாளே காசு கொடுத்தவர்கள்தான் பரிசோதனைக் களமானார்கள்.

4) அதே ஜெஃப் ஹாக்கின்ஸ் இந்த முறை வேறு மாதிரி யோசித்தார். சட்டைப் பைக்குள் அடங்குகிற அளவில் ஒரு மரக்கட்டையை வெட்டி, அதையே கம்ப்யூட்டர் மாதிரி நினைத்துக்கொண்டு கூடவே வைத்திருந்தார். யாராவது மீட்டிங்குக்குக் கூப்பிட்டால் கட்டையை எடுத்துத் தட்டிப் பார்ப்பார். நிஜ வாழ்க்கையில் இதை எதற்கு எடுக்கிறோம் என்று தெரிந்துகொள்ளத்தான்.

அப்படி 1996-ல் வந்தது 'பாம் பைலட்'. ஆரம்ப விலை 299 டாலர். முகவரி, நாட்காட்டி, செய்ய வேண்டிய வேலை, குறிப்பு. எல்லாம் படிக்கிறேன் என்று பொய் சொல்லவில்லை. "இந்த மாதிரி எழுத்தை நீ கத்துக்கோ, நான் தப்பில்லாம படிக்கிறேன்" என்றது. ஒன்றரை வருடத்தில் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அமெரிக்காவில் எங்கள் ஆட்கள் மருந்து டோஸ் பார்க்கிற மென்பொருளை அதில் ஏற்றி கோட் பையில் போட்டுக்கொண்டு ரவுண்ட்ஸ் போனார்கள்.

5) 2001-ல் பில் கேட்ஸ் மேடையேறி, இன்னும் ஐந்து வருடத்தில் அமெரிக்காவில் அதிகம் விற்கிற கம்ப்யூட்டர் வகை டேப்லெட்டாகத்தான் இருக்கும் என்றார். 2002 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் டேப்லெட் பிசி வந்தது. எடையும் விலையும் கூட. உள்ளே இருந்ததோ மவுஸுக்காகச் செய்த விண்டோஸ். ஐந்து வருடம் போனது. சொன்னது நடக்கவில்லை. பில் கேட்ஸே சொன்னாலும் கணிப்பு கணிப்புதான் மக்களே.

6) இப்ப ஐபேட். 2010 ஜனவரி 27 அறிமுகம், ஏப்ரல் 3 அமெரிக்காவில் விற்பனை, ஆரம்ப விலை 499 டாலர். கேமரா கிடையாது, யுஎஸ்பி கிடையாது. "இது பெரிய சைஸ் ஐபோன்தானே" என்று கேலி செய்தார்கள். ஆனால் படிக்க, படம் பார்க்க, மெயில் பார்க்க என்று அது சொன்ன வேலைகளை முதல் நாளே சுத்தமாகச் செய்தது. 10 மணி நேர பேட்டரி என்றார்கள், நின்றது. 28 நாளில் பத்து லட்சம் விற்றது. இல்லாத பட்டியலை வைத்துக் கேலி செய்தவர்கள் தோற்றார்கள். இருந்த பட்டியலைப் பார்த்தவர்கள் வாங்கினார்கள்.

7) அப்போ நல்ல பொருள் என்றால் உடனே வாங்கிடலாமா? இங்கேதான் நம்ம ஊர்க் கதை வருகிறது.

அந்த முதல் ஐபேட் இந்தியாவுக்கு வந்தது 2011 ஜனவரி 28. ஆரம்ப விலை 27,900 ரூபாய். சரியாக 33 நாள் கழித்து, மார்ச் 2 அன்று ஐபேட் 2 அறிவிப்பு. அதில் ரெண்டு கேமரா, இரண்டு மடங்கு மெமரி, வேகமான சிப், மெலிசான உடம்பு. ஏப்ரல் 29 அன்று அது இந்தியாவுக்கும் வந்துவிட்டது. விலை 29,500-ல் ஆரம்பம்.

மூணு மாசம், 1,600 ரூபாய். வித்தியாசம் அவ்வளவுதான். பலன்? முதல் ஐபேடுக்கு 2012-ல் வந்த ஐஓஎஸ் 6 கிடைக்கவில்லை. ஐபேட் 2-க்கு 2015-ல் வந்த ஐஓஎஸ் 9 வரைக்கும் கிடைத்தது. ஒரே கடையில் மூணு மாத இடைவெளியில் வாங்கிய ரெண்டு பேரில் ஒருவருக்கு நான்கு வருடம் கூடுதல் ஆயுள்.

8) மற்ற கம்பெனிகள் சும்மா இருக்குமா? 2011 முழுக்க ஓட்டப்பந்தயம்.

மோட்டோரோலா ஜூம், பிப்ரவரியில் 799 டாலருக்கு வந்தது. மெமரி கார்டு போட ஓட்டை இருந்தது, வேலை செய்யவில்லை. "அப்டேட்ல வரும்" என்றார்கள். 4ஜி வேண்டுமென்றால் டேப்லெட்டையே திருப்பி அனுப்பி மாற்றி வாங்க வேண்டும்.

பிளாக்பெரி பிளேபுக், ஏப்ரல். மெயிலுக்குப் பேர்போன கம்பெனி. அதன் டேப்லெட்டில் தனியாக மெயில் ஆப் இல்லை. பிளாக்பெரி போனோடு இணைத்தால்தான் மெயில். அந்த ஆப் வர 2012 பிப்ரவரி ஆனது.

எச்பி டச்பேட், ஜூலை 1. விமர்சகர்கள் அதன் மென்பொருளை நன்றாக இருக்கிறது என்றே எழுதினார்கள். ஆகஸ்ட் 18 அன்று கம்பெனியே "இனி செய்ய மாட்டோம்" என்றுவிட்டது. ஐம்பது நாள்கூட ஆகவில்லை. 499 டாலர் பொருளை 99 டாலருக்குத் தள்ளிவிட்டார்கள். வேடிக்கை பாருங்கள், அந்த விலைக்கு மக்கள் அடித்துப்பிடித்து வாங்கினார்கள். பொருள் அதேதான். 499-க்கு ஏமாற்றம், 99-க்கு லாபம்.

9) நானும் ஒரு ஏமாளிதான். ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப ஸ்டைபண்டைச் சேர்த்து ஒரு டேப்லெட் வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். "அடுத்த ஆண்ட்ராய்டு அப்டேட் விரைவில்" என்று பெட்டியிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அந்த விரைவில் இன்றுவரை வரவில்லை. மெடிசின் புத்தகத்தின் பிடிஎஃப்-ஐத் திறந்தால் ஒரு பக்கம் புரட்டுவதற்குள் ஒரு இன்ஜெக்ஷன் போட்டுவிட்டு வந்துவிடலாம். தப்பு என்மேல். அந்த பிடிஎஃப்-ஐ நான் கடையிலேயே திறந்து பார்த்திருக்க வேண்டும்.

10) அதே 2011, அக்டோபர் 5. டெல்லியில் 'ஆகாஷ்' அறிமுகம். மாணவர்களுக்கு 35 டாலரில் டேப்லெட் என்பது கனவு. அரசு வாங்கிய விலை சுமார் 50 டாலர். நோக்கம் நல்லது, இன்றைக்கும் மதிக்கிறேன். ஆனால் 366 மெகாஹெர்ட்ஸ் சிப், அழுத்தினால் மட்டும் கேட்கிற ஸ்கிரீன், இன்டர்நெட்டுக்கு வைஃபை மட்டும். வைஃபை எத்தனை கல்லூரியில் இருந்தது அன்றைக்கு? அடுத்த வருடம் நவம்பரில் ஆகாஷ் 2 வந்தது. 1 கிகாஹெர்ட்ஸ் சிப், தொட்டாலே கேட்கிற ஸ்கிரீன். முதலாவதைக் கையில் வாங்கிய பிள்ளைகளுக்கு அதனால் என்ன பயன்? மலிவு என்பதும் ஒரு வாக்குறுதிதான். வேலை செய்யாத பொருள் எந்த விலைக்கும் விலை அதிகம்.

11) கடைசியா ரெண்டு. 2012 மார்ச்சில் வந்த மூன்றாவது ஐபேடை அக்டோபரிலேயே நான்காவது ஐபேட் ஓரங்கட்டியது. ஏழே மாதம். அதே அக்டோபரில் 499 டாலருக்கு வந்த மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் ஆர்டி பார்க்க விண்டோஸ் மாதிரி இருந்தது. பழைய விண்டோஸ் மென்பொருள் எதுவும் அதில் ஓடாது. 2013-ல் அந்தக் கணக்கில் மைக்ரோசாஃப்ட் எழுதிய நஷ்டம் 90 கோடி டாலர்.

12) எங்கள் துறையிலும் இது உண்டு. ரோஃபெகாக்சிப் என்ற வலி மாத்திரை 1999-ல் வந்தது. வயிற்றைக் கெடுக்காது என்றுதான் பேர். பல லட்சம் பேர் சாப்பிட்ட பிறகு மாரடைப்பு, பக்கவாத ஆபத்து உறுதியாகி 2004 செப்டம்பரில் திரும்பப் பெற்றார்கள். டேப்லெட் கம்ப்யூட்டர் உயிரை எடுக்காது, சீட்டுப் பணத்தைத்தான் எடுக்கும். ஆனால் பாடம் ஒன்றுதான். வெளியீட்டு மேடையில் தெரியாதது, ஆயிரக்கணக்கானவர்கள் வீட்டில் வைத்துப் பயன்படுத்தும்போது தெரியும். நாலைந்து மாதம் பொறுத்தால் அந்தத் தகவல் இலவசமாகக் கிடைக்கும்.

13) ஆக, வாங்கும் முன் நாலு கேள்வி.

கம்ப்ளெய்ன்ட் என்ன? எந்த வேலை இப்போது நடக்கவில்லை? ஒரே வரியில் சொல்ல முடியவில்லை என்றால் வாங்க வேண்டாம்.

அந்த வேலையை இன்றைக்கே, கடையிலேயே செய்து காட்டுகிறதா? "அப்டேட்ல வரும்" என்பதை "வராது" என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

எத்தனை வருடம் அப்டேட் என்று எழுத்தில் இருக்கிறதா? பொதுவாக அந்தக் கணக்கு அந்த மாடல் வெளியான நாளில் இருந்து தொடங்கும், நீங்கள் வாங்கிய நாளில் இருந்து அல்ல. பழைய மாடல் என்றால் கழித்துப் பாருங்கள்.

பேனா, கவர், கீபோர்டு எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு? அதே வேலையைச் செய்கிற போன வருட மாடல் எவ்வளவு?

14) அடுத்த டூட்டியில் சிஸ்டரிடம் முதல் கேள்வியை மட்டும் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார்.

"நான் நைட்டுக்கு வந்தா போனும் என்கூட வந்துடுது சார். அவனுக்கு க்ளாஸ் வீடியோ பாக்க, ஆன்லைன் டெஸ்ட் எழுத ஒண்ணும் இல்ல."

"எழுதறது எல்லாம்?"

"நோட்டுலதான் சார். பேனால எழுதினாதான் மண்டையில ஏறுதுங்கறான்."

பாதி டயக்னோசிஸ் அங்கேயே முடிந்தது. அந்த ஸ்டைலஸ் பேனாவே வேண்டாம். புது சிப்பும் வேண்டாம். பெரிய ஸ்கிரீன், நிற்கிற பேட்டரி, இன்னும் மூன்று வருடம் அப்டேட், அவ்வளவுதான். "பையனையே கூட்டிட்டுப் போங்க. அவன் டெஸ்ட் ஆப்பையும் பெரிய பிடிஎஃப் ஒண்ணையும் கடையில திறந்து காட்டச் சொல்லுங்க" என்றேன்.

நேற்று வந்து சொன்னார். போன வருட மாடல், 19 ஆயிரம். முதலில் பார்த்த ஒன்றில் பிடிஎஃப் திணறியதாம், வேண்டாம் என்று வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தானாம். மிச்சம் 21 ஆயிரத்தை அவன் கவுன்சிலிங் செலவுக்கு அப்படியே வைத்திருக்கிறார்.

நேற்றும் நைட் டூட்டிதான். பத்து மணிக்கு சிஸ்டருக்குப் பையனிடம் இருந்து மெசேஜ். டெஸ்ட் எழுதி முடித்துவிட்டானாம். மார்க்கை மட்டும் சொல்ல மாட்டேங்கிறானாம்.

உங்கள் வீட்டிலும் யாராவது புது டேப்லெட் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தால் இந்த இழையை அனுப்புங்கள். உங்க கம்ப்ளெய்ன்ட் என்னன்னு கமென்ட்ல எழுதுங்க, ஓபி முடிஞ்சதும் பதில் போடறேன்.