கொடுத்ததன் பலனா, நிறுத்தியதன் விளைவா? பி6 குறித்த 1978ஆம் ஆண்டு ஆய்வின் மறுவாசிப்பு

ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் நடத்தைக்கு வைட்டமின் பி6 உதவும் என்ற கருத்தின் வரலாற்றை அமெரிக்க உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லண்ட் நேர்கோடாக வகுத்துக் காட்டினார். 1966இல் ஹீலியும் ராபர்ட்சும் கண்ட, பி6ஓடு தொடர்புடைய டிரிப்டோபன் கோளாறு, 1968இல் பேனிஷின் ஜெர்மானிய அறிக்கை, 1978இல் தம்முடைய ஆய்வு, அதன்பின் பிரான்சின் டூர்ஸ் நகரத்து ஆய்வுகள். இவை ஒன்றையொன்று உறுதி செய்கின்றன என்பது அவர் வாதம். நான் மறுப்பது அந்த நேர்கோட்டை. தாயின் அன்புக்குறைவே ஆட்டிசத்துக்குக் காரணம் என்ற கொடிய கொள்கையை 1964இல் எதிர்த்து எழுதிய, ஆட்டிசம் உள்ள மகனின் தந்தை அவர். அந்த நன்றிக்கடனை மறந்து இதை எழுதவில்லை.

ரிம்லண்ட், காலவே, டிரைபஸ் மூவரும் எழுதிய 1978ஆம் ஆண்டுக் கட்டுரையை நிதானமாகப் படிக்க வேண்டும். அதில் இடம்பெற்றவர்கள் 16 குழந்தைகள். முந்தைய ஆய்வொன்றில் பி6 எடுத்துத் தேறியதாகத் தோன்றியவர்களிலிருந்தே அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அந்த முந்தைய ஆய்வில் யாருக்கு என்ன தரப்படுகிறது என்பது மறைக்கப்படவில்லை. 1978இல் அவர்கள் வழக்கமாக எடுத்துவந்த பி6க்குப் பதிலாக ஒரு கட்டத்தில் பி6ம் மற்றொரு கட்டத்தில் போலி மாத்திரையும் தரப்பட்டன. எது எப்போது என்று இருதரப்பும் அறியவில்லை. பி6 விலக்கப்பட்ட காலத்தில் நடத்தை குறிப்பிடத்தக்க அளவு மோசமானது. கட்டுரையின் முடிவு இதுதான். அளக்கப்பட்டது தேற்றம் அன்று, சரிவு. ரிம்லண்ட் அச்சரிவைத் திருப்பிப் பிடித்துத் தேற்றமாக வாசித்தார்.

இவ்விரண்டும் ஒன்றல்ல என்றே கருதுகிறேன். நாளொன்றுக்கு ஓரிரு மில்லிகிராம் போதுமான ஒரு சத்தை அதைப் பன்மடங்கு மிஞ்சிய அளவில் நெடுநாள் பெற்றுவந்த உடலில், அதை நிறுத்துவதே குலைவை உண்டாக்கலாம். இதற்கு நேர்ச்சான்று என்னிடம் இல்லை. ஆனால் அந்தச் சாத்தியத்தை விலக்க, மருந்தே தொடாத குழந்தைகளின் ஒப்பீடு வேண்டும். 16 பேரில் அப்படி ஒருவரும் இல்லை. அதே சமயம், எல்லாம் பெற்றோரின் ஆசைக்கற்பனை என்று தள்ளுவோருடனும் நான் உடன்படவில்லை. எந்த மாத்திரை எதுவென்று தெரியாதவர்கள் சரிவைக் கண்டிருக்கிறார்கள். அதற்கு விளக்கம் தேவை.

டூர்சில் லெலார் குழு 1981இல் வெளியிட்ட ஆய்வு என் வாதத்தை ஓரளவு தளர்த்துகிறது. 44 குழந்தைகளில் 15 பேர் தேறினர், நிறுத்தியதும் சரிந்தனர். பின்னர் பலன் கண்ட 13 பேரையும் காணாத 8 பேரையும் மறைப்புச் சோதனைக்கு உட்படுத்தியபோது முதல் முடிவே மீண்டும் வந்தது. தேறியவர்களையே பொறுக்கியதால் வரும் தேர்வுப் பிழை பற்றிய என் ஐயம் இங்கே வலுவிழக்கிறது. ஆனால் அங்கே தரப்பட்டது பி6 மட்டுமன்று. மக்னீசியமும் சேர்ந்தது.

ரிம்லண்டின் கோடு அறுவது இந்த இடத்தில்தான். 1985இல் மார்டினோவும் சக ஆய்வாளர்களும் 60 குழந்தைகளிடம் பி6 தனியாக, மக்னீசியம் தனியாக, இரண்டும் சேர்த்து என்று ஒப்பிட்டனர். சேர்த்துக் கொடுத்தபோது மட்டுமே மாற்றம் தெரிந்தது. அப்படியானால் பி6ஐ மட்டும் விலக்கிய 1978ஆம் ஆண்டு ஆய்வில் குழந்தைகள் இழந்தது எதை? அவர்களில் சிலர் அப்போதே மக்னீசியமும் எடுத்துவந்திருக்கலாம். இல்லையேல் நாம் காண்பது நிறுத்தத்தின் விளைவு. கட்டுரைத் தலைப்பு பி6ஐ மட்டுமே சுட்டுகிறது. தலைப்பை வைத்து மாத்திரைப் பட்டியலை ஊகிக்க நான் துணியமாட்டேன். பி6 தரும் எரிச்சலையும் படுக்கை நனைத்தலையும் மக்னீசியம் தணித்ததாக ரிம்லண்ட் பின்னாளில் எழுதினார். அப்படி மக்னீசியம் சேர்ப்பது வழக்கத்துக்கு வந்தது 1978க்கு முன்னா பின்னா என்று என்னால் அறுதியிட முடியவில்லை.

மிகை அளவு தீங்கற்றதும் அன்று: 1983இல் ஷாம்பர்க் குழு, தினம் 2 முதல் 6 கிராம் பி6 எடுத்த 7 பெரியவர்களிடம் உணர்வு நரம்புச் சிதைவைப் பதிவு செய்தது. பலனைப் பொறுத்தவரை, 1997இல் ஃபிண்ட்லிங் குழு பி6ஐயும் மக்னீசியத்தையும் சேர்த்துக் கொடுத்து நடத்திய 10 வாரச் சோதனையை 10 பேர் நிறைவு செய்தனர். பலன் தெரியவில்லை. ரிம்லண்டின் 16 பேரைப் போலப் பி6ல் தேறியவர்கள் என்று முன்கூட்டியே பொறுக்கப்பட்டவர்கள் அல்லர் இவர்கள். ஆகவே ஒன்று மற்றொன்றைப் பொய்ப்பித்தது என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. இரண்டும் வெவ்வேறு கேள்விகளைக் கேட்டன.