பினாங்கின் அண்டை நட்பு: குணமா, அமைப்பா?

பினாங்கில் இனங்களுக்கிடையே நிலவும் நட்புக்குச் சான்று கேட்டால் எல்லாரும் ஒரு தெருவைக் காட்டுவார்கள். ஜார்ஜ் டவுனின் பழைய பிட் தெருதான் அது. இன்று கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் தெரு. 1818இல் எழுந்த செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனரின் குவான் யின் கோயில், 1833இல் கட்டப்பட்ட மகா மாரியம்மன் கோயில், தமிழ் முஸ்லிம்கள் நிறுவிய பள்ளிவாசல் ஆகிய நான்கும் சில நிமிட நடைக்குள் அடங்கிவிடுகின்றன. காட்சி அழகானது, சான்று அவ்வளவு வலுவானதன்று. 1786இல் பிரான்சிஸ் லைட் தொடங்கிய துறைமுக நகரில் கிழக்கிந்தியக் கும்பினியார் யார் யாருக்கு எங்கே நிலம் கொடுத்தார்கள் என்பதை அந்தத் தெரு சொல்லும். கோயிலுக்குப் போகிறவரும் பள்ளிவாசலுக்குப் போகிறவரும் ஒருவரையொருவர் அறிவார்களா என்பதைச் சொல்லாது. அந்த அறிமுகத்தின் தடயத்தைக் கடைவீடுகளின் வரிசையில்தான் தேட வேண்டும். தேடினால், இந்தத் தீவின் அன்றாட நட்பு நல்ல மனத்தால் மட்டும் விளையவில்லை என்பதும், பல இனத்தாரை நாள்தோறும் ஒரே இடத்தில் சந்திக்கவைத்த வாழ்க்கை அமைப்பு அதற்கு வேராக இருந்தது என்பதும் தெரியவரும்.

கடைவீட்டின் கீழ்த்தளத்தில் வணிகம், மாடியில் குடியிருப்பு, முன்புறம் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க அஞ்சடி நடைபாதை. வீட்டுக்கும் சந்தைக்கும் இடையே சுவர் இல்லாத அந்த ஏற்பாட்டில் அண்டை வீட்டாரே வாடிக்கையாளரும் ஆனார்கள். தமிழ் முஸ்லிம்கள் தோள்கழியில் சோறும் கறியும் சுமந்து துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றதிலிருந்து வளர்ந்த நாசி கண்டார் கடைகளில் மலாய்க்காரரும் சீனரும் இந்துத் தமிழரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இந்தப் பழக்கம் நுணுக்கமான ஓர் அறிவையும் தந்தது: யார் எதை உண்ணமாட்டார் என்ற அறிவு. முஸ்லிம் பன்றியைத் தவிர்ப்பார். இந்துக்களில் பலரோடு, குவான் யின்னை வழிபடும் சீனர் பலரும் மாட்டிறைச்சியைத் தொடமாட்டார்கள். தன் பெருநாளன்று திறந்த இல்ல உபசரிப்பு வைக்கும் சீனக் குடும்பம் முஸ்லிம் நண்பர்களுக்காக ஹலால் கடையிலிருந்து உணவு வரவழைப்பது இந்த அறிவின் பயன்தான். வேற்றுமையை மறந்தல்ல, அதை மனத்தில் வைத்தே இங்கு விருந்தோம்பல் நடக்கிறது. தைப்பூச விழாவில் முருகனின் வெள்ளித் தேர் வரும் சாலையில் சீனர்கள் குவியல் குவியலாகத் தேங்காய் உடைப்பதையும் இந்த நெடும்பழக்கத்தின் தொடர்ச்சியாகவே கொள்ள வேண்டும்.

இதற்கு அறிஞர் தரப்பிலிருந்து ஒரு மறுப்பு உண்டு. பர்மாவில் ஆட்சிப் பணியாற்றிய ஜே. எஸ். ஃபர்னிவால் 1948இல் வெளியிட்ட நூலில், காலனி நாட்டு இனங்கள் கலந்து பழகினாலும் ஒன்றிணைவதில்லை, அவை சந்திப்பது சந்தையில் மட்டுமே என்று வாதிட்டார். பினாங்குக்கும் இது பொருந்தும் என்பர்: பள்ளிகள் மொழிவாரியாகப் பிரிந்திருக்கின்றன, முஸ்லிமை மணக்க மதம் மாற வேண்டும். இவை உண்மையே. ஆனால் சந்தை உறவு ஆழமற்றது என்ற ஃபர்னிவாலின் முடிவு சந்தையைக் குறைத்து மதிப்பிடுகிறது. கடன் கொடுக்க நம்பிக்கை வேண்டும். கடையைச் சற்று நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்ல அதைவிடக் கூடுதல் நம்பிக்கை வேண்டும். இத்தகைய சிறு நம்பிக்கைகள் பல ஆண்டுகள் சேர்ந்தால் அதற்கு நட்பு என்ற பெயர் தகும். மண உறவில் முடிந்தால்தான் நட்பு என்று எந்தச் சமூகமும் தனக்குள் நிபந்தனை விதிப்பதில்லை. இனங்களுக்கிடையே மட்டும் அதை ஏன் விதிக்க வேண்டும்?

இரண்டாவது மறுப்பு கடுமையானது: இந்த நட்பு கலவரத்தைத் தடுத்ததா? 1957 ஜனவரியில் நகராட்சி நூற்றாண்டு விழாவின்போது சீனரும் மலாய்க்காரரும் மோதினார்கள். அமைதிக்கு நட்பு ஒருபோதும் முழு உத்தரவாதம் ஆகாது. எனினும் 1867 ஆகஸ்டில் நடந்த பெருங்கலவரத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் கீ ஹின் என்ற சீனச் சங்கமும் முஸ்லிம்களின் வெள்ளைக்கொடிச் சங்கமும். எதிர்ப்பக்கம் துவா பெக் கோங் என்ற சீனச் சங்கமும் செங்கொடி முஸ்லிம்களும். சீனர் சீனரையும் முஸ்லிம் முஸ்லிமையும் எதிர்த்தார்கள், கூட்டாளியோ வேற்றினத்தவர். பெருமைப்படத் தக்க நிகழ்ச்சியன்று இது. ஆயினும் இனமே மாறாத எல்லைக்கோடு என்பாருக்கு இது தக்க விடை. கோடு எங்கே விழும் என்பதை யாரோடு யார் தொழிலும் தெருவும் பகிர்ந்தார்கள் என்பதும் முடிவுசெய்தது.

அமைப்பு வளர்த்ததை அமைப்பின் மாற்றம் அழிக்கவும் கூடும். 1948க்கு முன் கட்டப்பட்ட வீடுகளுக்கு 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பாதுகாப்பு அளித்துவந்தது. 1999 இறுதியோடு அது முடிவுக்கு வந்தது. வாடகை உயர, தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்கள் பல நகரின் புறத்தே குடிபெயர்ந்தன. 2008இல் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது. கடைவீடுகள் பல தங்கும் விடுதிகளாயின. சுவர்கள் காக்கப்பட்டன, அண்டை வீட்டார் போய்விட்டார்கள். புறநகரில் அடுக்குமாடிக்குப் போனவர்களிடம் நற்குணம் குறைந்துவிடவில்லை. அது தினமும் புழங்க வாய்ப்பளித்த அஞ்சடிதான் இல்லை. ஆகவே இன நல்லிணக்கத்தை நாடுவோர் விழா மேடையோடு நின்றுவிடலாகாது. சிறு வணிகர் கட்டக்கூடிய வாடகை, பல இனத்தார் கலந்து வாழும் குடியிருப்பு, எல்லாரும் வந்து உண்ணக்கூடிய அங்காடி ஆகியவற்றை நகரத் திட்டத்திலேயே கேட்டுப் பெற வேண்டும்.